பேணி அடியில் கிடந்த வீடு

நாலு லீற்றர் பேணியின் விலையைக்
கல்முனை ஹாட்வெயாரில் கேட்டோம்.
கேட்காதவர்கள் மாதிரி வெளியே வந்து
ஆளுக்கொரு பிளேன்ரீ குடித்தோம்.
அதற்கு அவர்தான் காசு கொடுத்தார் என்றும்
எழுத வேண்டும், இல்லாவிட்டால் சண்டை.

வீடு எங்களுடையதல்ல.
பெரியநீலாவணையில், கடலுக்குப் போகும் ஒழுங்கையில்,
உப்பு தின்ற சுவர்கள் நாலைந்து.
சொந்தக்காரர் சூரிச்சில் இருக்கிறார்.
"நீங்களே அடிச்சா ஒரு மாத வாடகை வேணாம்."
ஒரு மாத வாடகை
ஓர் அறைக்கும் காணாது என்பது
அவருக்குத் தெரியாது,
அல்லது நன்றாகத் தெரியும்.

மறுகா, மிச்சம் தேடிப் புறப்பட்டோம்.

மருதமுனையில் மாடி கட்டிய றினோஸா டீச்சர்
படிக்குக் கீழிருந்து
முக்கால் பேணி வெள்ளை இழுத்துத் தந்தார்.
கறள் மூடியைக் கரண்டியால் நெம்பினால்
ஆறிய பாலில் போல ஓர் ஆடை.
மேசன் புவிதரன் கொண்டு வந்தது
பாண்டிருப்பில் ஏதோ கல்யாண மண்டபத்து மஞ்சள்.
மகளின் பாலர் பாடசாலையில்
யானைக்கு என்று வாங்கிய நீலம் இருந்தது.
யானை நினைத்ததிலும் சின்னனாய் வந்துவிட்டதாம்.
துறைநீலாவணையிலிருந்து ஒரு பச்சையும் வந்தது.
மணந்து பார்த்தேன். எண்ணெய்ப் பெயின்ற்.
தண்ணீர்ப் பெயின்றோடு அது எந்தக் காலமும் சேராது.
படலைக்கு ஆகும் என்று ஒதுக்கி வைத்தேன்.

இரண்டு நாள் சுரண்டினோம்.
எங்களுக்கு முன் குடியிருந்தவர்களின்
ரோஸ் ஒன்று, அதற்கும் அடியில் ஒரு கத்தரிப்பூ,
தலைமயிரில் தூளாய் விழுந்தன.

குளிக்கிற பெரிய பேசினில்
பழைய உள்பாவாடைத் துணியால் வடித்து
கமுகஞ் சிலாகையால் கலக்கினேன்.
ரின்மீன் மூடியில் தடவி வெயிலில் வைத்தால்
ஈரத்தில் ஒன்று சொல்லும், காய்ந்தால் வேறொன்று.
இன்னும் அரைக் கோப்பை யானை.
இன்னும் ஒரு சிரட்டை மண்டபம்.
போதும் என்று அவர் சொன்ன பிறகும்
ஒரு கரண்டி.

மழை விட்ட அன்று களப்போரத்தில்
சேறும் தண்ணீரும் ஒன்றுக்கொன்று
விட்டுக்கொடுக்கும் இடம் ஒன்று இருக்குமே,
கிட்டத்தட்ட அது.
"என்ன கலர் கா இது, பிஸ்தாவா?" என்றாள் பக்கத்து வளவு மேகலா.
பாரைக்குட்டியின் வயிறு என்றார் மீன்காரர்.
ஆஸ்பத்திரி என்றாள் மகள்.

கடைசிச் சுவரில் பேசின் வற்றிவிட்டது.
ஓராள் அகலம் அடிபடவில்லை.
அதன் முன் அலுமாரியை நிறுத்தினோம்.

சூரிச்சுக்கு வீடியோவில் காட்டினோம்.
"சீ, நல்லா வந்திருக்கே!
தையிலிருந்து ரெண்டாயிரம் கூட்டித் தாங்க."
அவர் ஒன்றும் பேசவில்லை.
போனை மெல்ல மேலே திருப்பி
ஒழுகிக் கறுத்த சீற்றைக்
கொஞ்ச நேரம் காட்டிக்கொண்டு நின்றார்.

மார்கழி மழையில் யன்னலுக்குக் கீழே
சுவர் பொம்மி, உள்ளங்கை அளவு கழன்றது.
"அதே கலர்ல ஒரு டச் பண்ணிடுங்க" என்று செய்தி வந்தது.
கழன்ற துண்டை லேஞ்சியில் சுற்றிக்கொண்டு
கல்முனைக்குப் போனேன்.
கடைப்பொடியன் நிற அட்டையை விரித்து
துண்டை ஒவ்வொரு கட்டத்திலும் வைத்துப் பார்த்தான்.
ஏறக்குறைய இருநூறு கட்டம்.
"எந்தக் கொம்பனி, அன்ரி?"
டீச்சர் வீடு, மண்டபம், யானை என்று சொன்னேன்.
சிரிக்கவில்லை. அட்டையை மடித்து வைத்தான்.

ஜாம் போத்தல் ஒன்றில்
கொஞ்சம் எடுத்து வைத்திருந்தது
அவருக்கும் தெரியாது.
சுவருக்கு அது காணும், சரியாகக் காணும்.

யன்னலுக்குக் கீழே, கலண்டர் எவருமே மாட்டாத உயரத்தில்,
கலண்டரை மாட்டினேன்.
போத்தலை வழித்து
கறிவேப்பிலை நிற்கிற எண்ணெய்ப் பேணிக்கு
இரண்டு கோட் அடித்தேன்.
மண்ணோடு பாரம்தான்.
ஆளுக்கொரு பக்கம் பிடித்தால் தூக்கலாம்.